தர்மபுரியில் ஒரு வாசகர்

கட்டுரை திரும்பி வந்துவிட்டது என்பது தபால்காரர் தெருமுனையில் சைக்கிளைத் திருப்பும்போதே தெரிந்துவிடும். ஏற்றுக்கொண்டார்கள் என்றால் போஸ்ட் கார்டு வரும். திரும்பினால் நீள உறை. அதன்மேல் இருப்பது நம் கையெழுத்து, நாமே எழுதிய நம் விலாசம், நம் காசில் வாங்கி ஒட்டிய தபால் தலை. துக்கச் செய்திக்குத் தந்திச் செலவையும் நாமே கட்டினதுபோல.

1993 வைகாசியில் அம்பாசமுத்திரத்தில் (எங்கள் பேச்சில் அம்பை) எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு உறை வந்தது. உள்ளே இருந்தது ஆறு பக்கக் கட்டுரை: ‘பத்தமடைப் பாய் – ஒரு பாரம்பரியம்’. அதற்காக மூன்று முறை பத்தமடைக்குப் பஸ் ஏறியிருந்தேன். வழக்கமாகத் திரும்பி வரும் கட்டுரையோடு, ‘வருந்துகிறோம்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்று இருக்கும். இந்த முறை சீட்டு இல்லை. முதல் பக்கத்து ஓரத்தில், பென்சிலால், யாரோ ஒரு உதவி ஆசிரியர் எழுதியிருந்தார்: ‘நன்றாக இருக்கிறது. ஆனால், தர்மபுரிக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது?’

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தர்மபுரிக்காரருக்கு எதற்கு இருக்க வேண்டும்? நான் எழுதியது எங்கள் ஜில்லாவைப் பற்றி. தர்மபுரியை நான் அதுவரை வரைபடத்தில்கூட உற்றுப் பார்த்ததில்லை. ராத்திரி சாப்பாட்டின்போது என் கணவரிடம் புலம்பினேன். அவர் பள்ளிக்கூட வாத்தியார். எதையும் கேள்வித்தாளாகவே பார்ப்பார். “கேள்வி நல்ல கேள்விதானே? பதில் எழுதிப் பாரேன்” என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அந்தப் பதிலைத்தான் முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் எழுத வந்தது துணுக்கு வழியாக. எங்கள் தலைமுறையில் பலரும் அப்படித்தான் வந்தோம். தமிழ்வாணனின் ‘கல்கண்டு’ இதழைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, நாலு வரியில் ஒரு தகவலைச் சொல்லிவிட்டு நகர்வது ரத்தத்தில் ஊறிய பழக்கம். குறிப்பு, துணுக்கு, வாசகர் கடிதம், சமையல் என்று ஆரம்பித்தேன். முதல் சன்மானம் 25 ரூபாய் மணியார்டர். தபால்காரர் எண்ணிக் கொடுத்ததை என் மாமியார் வாசல்படியில் நின்று பார்த்தார்கள். “பாகற்காய் கசப்பு எடுக்க நாந்தான சொன்னேன், அதுக்கா இந்த ரூவா?” என்று கேட்டார்கள். பாதியை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். எனக்குத் தகவல் தந்தவருக்குப் பங்கு கொடுத்தது அந்த ஒரே ஒரு முறைதான்.

துணுக்குக்கு எந்த ஊர் வாசகர் என்ற கவலை கிடையாது. பாகற்காய் எல்லா ஊரிலும் கசக்கும். கட்டுரை என்று வந்தபோதுதான் எனக்குப் பெரிய மனுஷித்தனம் வந்துவிட்டது. பாரம்பரியம், கலாச்சாரம், அழிந்துவரும் கலை என்று கனமான சொற்களைத் தேடி அடுக்கினேன். அந்தப் பாய்க் கட்டுரையின் முதல் பத்தி இப்போதும் என்னிடம் இருக்கிறது. தாமிரபரணி பாய்ந்தோடுகிறது, நாணல் அசைகிறது, நாகரிகம் தழைக்கிறது. ஒரு மனிதர்கூட அந்தப் பத்தியில் இல்லை.

ஆடியில் மறுபடி பத்தமடைக்குப் போனேன். சேரன்மகாதேவி தாண்டினால் அடுத்த பெரிய ஊர். கன்னடியன் வாய்க்கால் ஓரமாக இறங்கித் தெருவுக்குள் போனால் வீட்டுக்கு வீடு தரையில் பாவு விரித்திருக்கும். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் வீட்டுப் பெண்கள். நான் எப்போதும் பார்க்கும் பாட்டிக்கு எழுபது வயதிருக்கும். வேலையை நிறுத்தாமலேயே பேசுவார்கள். கோரையைப் பச்சையாக அறுத்துக் கீறிக் காயவைக்க வேண்டும். ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட வேண்டும். ஊறினதை மறுபடி மெல்லிசாகக் கீற வேண்டும். பாவுக்குப் பருத்தி நூல், உசத்திப் பாய்க்குப் பட்டு நூல். உசத்திப் பாயை மடித்துக் கைக்கடக்கமான பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்பதையெல்லாம் ஏற்கனவே எழுதித்தான் திரும்பி வந்திருந்தது.

அன்றைக்குக் கேட்க வேறு எதுவும் தோன்றாமல், சுவரோரம் சுருட்டிப் பழந்துணியில் கட்டிவைத்திருந்த ஒரு பாயைக் காட்டி, “இது யாருக்குப் பாட்டி?” என்று கேட்டேன்.

கல்யாணப் பாய். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் நடுவில் நெய்து, ஓரத்தில் கல்யாணத் தேதி. திருநெல்வேலிப் பக்கம் அப்படிச் சொல்லிச் செய்து வாங்குவது உண்டு. இந்தக் கல்யாணம் நின்றுபோய்விட்டது. முன்பணம் கொடுத்தவர்கள் திரும்பி வரவே இல்லை.

“வேற யாருக்காவது வித்திரக் கூடாதா?”

“பேரு விழுந்துட்டுல்லாம்மா? யாரு வாங்குவா?”

“பேரை மட்டும் பிரிச்சிட்டு?”

“பிரிச்சா கோரை ஒடிஞ்சிரும். இருந்துட்டுப் போட்டும். அந்தப் பிள்ளைக்கு வேற எடத்துல ஆயிருக்கும். இது எங்கூட கெடக்கு.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது தர்மபுரிக்காரர் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கோரை தெரியாது, கன்னடியன் கால் தெரியாது. ஆனால், நின்றுபோன கல்யாணம் தெரியும். பத்திரிகை அடித்த பிறகு, மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு நின்றுபோனது அவர் தெருவிலும் ஒன்று இருக்கும். அந்த வீட்டில் பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் பாயில் நெய்திருக்கிறார்கள்.

அந்தப் பாயில் ஆரம்பித்து எழுதினேன். கோரை கீறுவதும் பட்டுப் பாவும் ஒன்றுவிடாமல் உள்ளே வந்தன. முன்னைவிட அதிகமாகவே வந்தன, ஏனென்றால் பெயரைப் பிரித்தால் ஏன் கோரை ஒடியும் என்று சொல்லப்போனால் நெசவையே சொல்ல வேண்டும். பாட்டி பெயரையும் அந்த மணமக்கள் பெயரையும் விட்டுவிட்டேன். பெண்கள் பத்திரிகை ஒன்று முழுசாகப் போட்டது. போஸ்ட் கார்டு பத்து நாளில் வந்தது.

புதிதாக எழுத வருகிறவர்கள் என்னிடம் கேட்பார்கள்: “நிறையப் பேர் படிக்கணும்னா பொதுவான தலைப்பா எடுக்கணுமாம்மா?” நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பாய்க் கட்டுரை கொடுத்த தெம்பில், எல்லா ஊர்க்காரருக்கும் பொருந்துவதாகவே எழுதினால் என்ன என்று தோன்றியது. 1995-96 இரண்டு வருஷமும் அந்தப் பித்து. கோபத்தை அடக்குவது எப்படி, மாமியார் மருமகள் ஒற்றுமைக்குப் பத்து வழிகள், நேரத்தைச் சேமிக்கலாம் வாங்க. இந்த ரகத்தில் நாற்பது கட்டுரைக்குக் குறையாமல் எழுதியிருப்பேன். விற்றன என்பதை மறைக்கக் கூடாது. மணியார்டர் தவறாமல் வந்தது. எங்கள் வீட்டு முதல் மிக்ஸி அந்தப் பத்து வழிகளில் வந்ததுதான். எந்த வழி எந்தக் கட்டுரையில் இருந்தது என்று எனக்கே ஞாபகமில்லை. கடையநல்லூரில் என் சித்தி ஒருத்தி இருந்தாள். நான் எழுதிய எது வந்தாலும் இன்லாண்ட் லெட்டர் போடுவாள். அந்த இரண்டு வருஷம் அவளிடமிருந்து கடிதமே இல்லை. கல்யாண வீடு ஒன்றில் பார்த்துக் கேட்டேன். “அதெல்லாம் நீ எழுதினதா? பேரப் பாக்கலியே” என்றாள். பெயர் கட்டுரைக்கு மேலேயே கொட்டை எழுத்தில்தான் இருந்தது.

எல்லாருக்கும் பொருந்துகிற சட்டை எவருக்கும் சரியாக நிற்காது என்று எங்கள் ஊர்த் தையல்காரர் சொல்வார். அவர் அதைச் சொல்வது முக்கால்வாசியும் தன் தையல் கோளாறை மறைக்கத்தான்.

அந்தப் பித்து தெளிந்தது எதிர்வீட்டு அக்கா தங்கையால். அவர்களுடைய அப்பா காலமாகி, பூர்விக வயலைப் பங்கு வைக்கும் பேச்சு நடந்தது. மூத்தவளுக்குக் கல்யாணம் 1988 தையில் ஆனது. இளையவளுக்கு 1990 ஆவணியில். தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல் அமலுக்கு வந்திருந்தது. கூட்டுக் குடும்பத்துப் பூர்விகச் சொத்தில் மகனைப்போல மகளுக்கும் பிறப்பாலேயே சமபங்கு என்றது சட்டம். ஆனால், அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேரில், இளையவளுக்கு அண்ணன்மாரோடு சரிசமப் பங்கு; மூத்தவளுக்கு அப்பாவின் பங்கிலிருந்து பிரிந்து வருகிற சின்னத் துண்டு மட்டும். மூத்தவள் என்னிடம் வந்து அழவில்லை; சிரித்தாள். “முகூர்த்தம் குறிச்ச ஜோசியர் ரெண்டு வருஷம் தள்ளிச் சொல்லியிருக்கலாம் மைனி” என்றாள்.

அப்போதும் என் புத்தி உடனே திருந்தவில்லை. ‘பெண்களும் சொத்துரிமையும்’ என்று தலைப்பு வைத்து, சட்டப் பிரிவுகளை வரிசையாக அடுக்கி எழுதினேன். திரும்பி வந்தது. படித்துப் பார்த்தால் எதிர்வீட்டுப் பெண்கள் இருவரையும் காணவே காணோம். பொதுவாக இருக்க வேண்டுமே என்று நானே அவர்களைத் துரத்திவிட்டிருக்கிறேன்! மறுபடி எழுதும்போது அந்த இரண்டு முகூர்த்தத் தேதிகளைத் தலைப்பிலேயே வைத்தேன். அம்பை நீதிமன்றத்தில் வழக்காடிக்கொண்டிருந்த வக்கீல் ஒருவரிடம் வரி வரியாகப் படித்துக் காட்டித் திருத்தினேன். அச்சானபோது, பத்திரிகை அலுவலகத்திலிருந்து வாசகர் கடிதங்களை ஒரு கட்டாகவே கட்டி அனுப்பினார்கள். ‘என் கல்யாணம் 89 பங்குனியில், எனக்கு உண்டா?’ என்று ஆரம்பித்த கடிதங்களே பாதி. அண்ணன் நீட்டிய விடுதலைப் பத்திரத்தில் என்னவென்று படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று எழுதிய பெண்கள் ஏழெட்டுப் பேர். அடுத்த கட்டுரைக்கான தலைப்பு அந்தக் கட்டுக்குள்ளேயே இருந்தது.

சட்டம் சம்பந்தமான பொருளில் இன்னொரு லாபம் உண்டு. அது பழசாவதே நமக்கு வருமானம். 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தச் சட்டம் வந்து, கல்யாணமானவள் ஆகாதவள் என்ற பேதம் போனது. எதிர்வீட்டு மூத்தவளை வைத்து இரண்டாம் தடவை எழுதினேன். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று கோர்ட்டுகளில் வருஷக்கணக்காக இழுபறி நடந்தது. பிறப்பால் வரும் உரிமைக்கு அப்பா உயிரோடு இருந்தாரா என்பது கணக்கில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூன்றாம் தடவை எழுதினேன். 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடித்தவர்களுக்கு இது எதுவும் செல்லாது என்பதை மூன்றாவதில் பெட்டி கட்டிப் போடச் சொன்னேன். எதிர்வீட்டு வயலை 1997-லேயே ரிஜிஸ்டர் பண்ணிப் பிரித்தாகிவிட்டது. மூத்தவள் என் மூன்று கட்டுரையையும் வெட்டி வைத்திருக்கிறாள். அவளுக்குத்தான் அதில் ஒன்றும் இல்லை.

எந்தப் பத்திரிகைக்கு எதை எழுதுவது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அம்பை பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடை வைத்திருந்த தம்பி. வியாழக்கிழமை மதியம் கட்டு வந்து இறங்கும். நான் நாலைந்து இதழ்களைப் புரட்டிவிட்டு ஒன்றை மட்டும் வாங்குவேன். அவன் முகம் சுளித்ததே இல்லை. ஒருநாள் கேட்டான், “அக்கா, நீங்க ஏன் கதை கட்டுரையவே பாக்கீய? வெளம்பரத்தப் பாருங்க. இந்தப் புஸ்தகத்துல நகைக்கடையும் பட்டுச்சேலையும். இதுல மூட்டுவலித் தைலம். இதுல பேங்க் பரீச்சை கோச்சிங். வாங்குறவன் யாருன்னு வெளம்பரம் குடுக்குறவனுக்குத்தான தெரியும்?”

எந்த ஆசிரியரும் எனக்கு இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு நான் இதழை எடுத்தால் விளம்பரம் முதலில், வாசகர் கடிதம் இரண்டாவது, கட்டுரை கடைசியில்தான். தைலம் விளம்பரம் வரும் பத்திரிகைக்குத் தரையில் பாய் விரித்துப் படுத்த காலத்தை எழுதினால் எடுபடும். கோச்சிங் விளம்பரம் வரும் இதழில் அதே பாய் எடுபடாது; பாய் நெய்த காசில் மகளைப் படிக்கவைத்த வீடு எடுபடும்.

இப்படித்தான் பத்தமடை ஒரே ஊர் எனக்கு நான்கு கட்டுரை கொடுத்தது. முதலாவது அந்தக் கல்யாணப் பாய். ரிஷிகேசத்தில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவிய சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்தது பத்தமடையில். மலேயாவில் டாக்டராக இருந்து பிறகு துறவியானவர். ஆன்மிக மாத இதழுக்கு அது. பிளாஸ்டிக் பாய் வந்து குவிந்த நேரத்தில், நல்ல கோரைப் பாயைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி என்று வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்காக ஒன்று. விவசாயப் பத்திரிகைக்குக் கோரைச் சாகுபடி. அது பத்தமடையில் சரிப்படாது என்று தெரிந்ததும், காவிரிக் கரையில் முசிறிக்குப் போனேன். அங்கே கோரையை நெல்லைப்போல வயலில் பயிராகவே போடுகிறார்கள். நான்கும் நான்கு கட்டுரை. ஒரே கட்டுரையின் முதல் பத்தியை மட்டும் மாற்றி நான்கு இடத்துக்கு அனுப்புகிறவர்களை எனக்குத் தெரியும். ஆசிரியர்கள் முட்டாள்கள் என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலில் ரொம்ப நாள் தாங்குவதில்லை.

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டேன். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் பற்றி எழுதியிருந்தேன். மாங்காய் வடிவத்தில், உள்ளே நெம்புகோல் வைத்து, கையாலேயே ராவி ராவிச் செய்கிற பூட்டு. அலிகார் பூட்டு மலிவாக வந்து இறங்கித் திண்டுக்கல் பட்டறைகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டிருந்த சமயம் (புவிசார் குறியீடெல்லாம் கிடைத்தது 2019-ல்). தர்மபுரிக்காரருக்கு என்ன என்று யோசித்து, ‘மே மாத லீவுக்கு ஊருக்குப் போகிறீர்களா, வீட்டை எதை நம்பிப் பூட்டுகிறீர்கள்?’ என்று ஆரம்பித்திருந்தேன். ஒரு வார இதழுக்குப் பிப்ரவரியில் அனுப்பினேன். பதிலே இல்லை. உள்ளே வைத்த உறையும் திரும்பவில்லை. ஆவணி வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, கார்பன் பிரதியை இன்னொரு இதழுக்கு அனுப்பினேன். அங்கேயும் மௌனம். குப்பைக் கூடைக்குப் போயிருக்கும் என்று மறந்தேபோனேன்.

அடுத்த ஏப்ரலில் இரண்டிலும் ஒரே வாரம் வந்தது.

லீவு என்று ஆரம்பித்திருந்தேனே! இரண்டு பேருமே ‘லீவு சீசனுக்கு’ என்று எடுத்து வைத்திருக்கிறார்கள். பெட்டிக்கடைத் தம்பி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட்டு, “அக்கா, ரெட்டப் பிள்ள” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் பத்திரிகையிலிருந்து போன் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது போன் கிடையாது, பக்கத்து மருந்துக்கடைக்கு வந்தது. ஊசி போட வந்தவர்கள் வரிசையில் நிற்க, நான் மன்னிப்புக் கேட்டேன். இரண்டு வருஷம் அந்த இதழில் என் பெயர் வரவில்லை. எடுத்துக்கொண்டேன் என்று முதலிலேயே ஒரு கார்டு போட்டிருக்கலாம் அவர்கள். ‘இன்ன தேதிக்குள் தகவல் இல்லையென்றால் வேறு இடத்துக்கு அனுப்புவேன்’ என்று நானும் ஒரு வரி எழுதியிருக்கலாம். அன்றிலிருந்து அந்த வரி இல்லாமல் எதையும் அனுப்புவதில்லை. நோட்டு ஒன்று போட்டு, அனுப்பிய தேதி, இடம், எந்த மாசத்துக்கு என்று எழுதி வைக்கிறேன். தீபாவளி மலருக்கு ஆடியிலேயே கட்டுரை போய்ச் சேர வேண்டும், பள்ளிக்கூடம் திறக்கும் சமயத்துக்கானது பங்குனிக்குள் போக வேண்டும் என்பதெல்லாம் அந்த நோட்டு சொல்லிக்கொடுத்தது. பொங்கலைப் பற்றிப் புழுக்கத்தில் உட்கார்ந்து எழுதிப் பழக வேண்டும். கரும்பு கண்ணில் படாத மாசத்தில் கரும்பை எழுதுவதற்காகவே போன வருஷத்துக் குறிப்புகளைச் சேர்த்து வைக்கிறேன்.

என் எழுத்தில் அதிகம் பேர் படித்தது எது என்று கேட்டால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். பாயும் இல்லை, வாரிசுரிமையும் இல்லை. ஒன்றரைப் பக்கத்துக் கேஸ் சிலிண்டர்.

2009-ல் சிலிண்டர் கொண்டுவந்த பையன் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். மோர் கொடுத்தேன். குடித்துக்கொண்டே, சிலிண்டரின் கைப்பிடி வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்பக்கத்தைக் காட்டி, “இதப் பாத்திருக்கீயளா? காலாவதித் தேதி” என்றான். ஒரு ஆங்கில எழுத்தும் வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணும் எழுதியிருந்தது. ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன், சி ஜூலையிலிருந்து செப்டம்பர், டி கடைசி மூன்று மாசம். இருபது வருஷமாக அந்தச் சிலிண்டரைத் துடைத்துக் கோலம் போட்டுப் பொட்டு வைக்கிறேன், பார்த்ததே இல்லை. வெறும் சிலிண்டரின் எடையும் மேலேயே எழுதியிருக்கிறது. அதோடு உள்ளே இருக்கிற 14.2 கிலோவைக் கூட்டி, தராசில் வைத்துக் காட்டச் சொல்லி வாசலிலேயே கேட்கலாம் என்றும் அவனே சொன்னான். சொல்லிவிட்டு, “எங்கிட்ட மட்டும் கேட்டுராதீய, தராசு ரிப்பேர்” என்று ஓடிவிட்டான்.

அன்று ராத்திரியே எழுதிவிட்டேன். வந்ததும் ஊர் ஊராகக் கடிதம். கேபிள் டிவியில் வாசித்தார்களாம். ஒரு துணிக்கடை அதைப் பிரதி எடுத்து பில்லோடு கொடுத்தது, என் பெயரை வெட்டிவிட்டு. கையளவு விஷயம், ஆனால், அடுப்படிக்கு அடுப்படி உட்கார்ந்திருக்கிறது, எவர் கண்ணிலும் படவில்லை. தேடிப் போனால் இப்படி ஒன்று அகப்படாது. மோர் கொடுக்கும்போது தானாக வரும்.

அந்தக் கட்டுரைக்குத்தான் கடைசியில் தர்மபுரியிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது. முத்திரையைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்த்தது. பதினாறு வருஷம் மனசுக்குள் உட்காரவைத்துப் பேசிய ஆள்! ஓய்வுபெற்ற பொறியாளர். பாராட்டு ஒரு வரிகூட இல்லை. ‘அம்மையீர், அது காலாவதித் தேதி அல்ல. சிலிண்டரை மறுபரிசோதனைக்கு உட்படுத்த வேண்டிய காலம். மறுநாள் காலையில் வெடித்துவிடும் என்ற பீதியைத் தாங்கள் கிளப்பியிருக்க வேண்டாம்’ என்ற பொருளில் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். நான் ‘காலாவதி’ என்றுதான் எழுதியிருந்தேன். அந்தச் சொல் இருந்ததால்தான் கட்டுரை அப்படிப் பரவியது என்பதும் எனக்குத் தெரியும். பையன் சொன்னதை வாரிசுரிமைக் கட்டுரைக்குச் செய்ததுபோல யாரிடமாவது படித்துக் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் திருத்தியிருக்கலாம். சின்ன விஷயந்தானே என்ற அலட்சியம். நூறு பேர் படிப்பதில் ஒரு பிழை இருந்தால் நூறு பேரோடு போகும். இது துணிக்கடை பில்லோடு வீடு வீடாகப் போய்விட்டது. திருத்தம் அனுப்பினேன், இரண்டு இதழ் கழித்து, ராசிபலனுக்குக் கீழே, நாலு வரியாக வந்தது. அதை எந்தத் துணிக்கடையும் பிரதி எடுக்கவில்லை.

அந்தப் பொறியாளருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினேன். அவர் வீட்டில் பாய் உண்டா என்று கேட்கவும் ஆசைதான். கேட்கவில்லை.

இப்போது என் பீரோவில் ஒரு கட்டுரை கிடக்கிறது. அம்பையில் ஆற்றங்கரைப் படித்துறையைப் பற்றியது. எந்தக் கல்லில் யார் வீட்டுத் துணி துவைப்பார்கள், எந்தக் கல்லில் உட்கார்ந்தால் சாயங்கால வெயில் முதுகில் விழும், வெள்ளம் இறங்கும்போது எந்தப் படி முதலில் தலைகாட்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. பதினோரு பக்கம். ஐந்து இடத்துக்கு அனுப்பி ஐந்திலிருந்தும் திரும்பிவிட்டது. இப்போதெல்லாம் உறை வருவதில்லை, மின்னஞ்சலில் இரண்டு வரி. கடைசியாகப் பேசிய உதவி ஆசிரியை என் மகள் வயதுக்காரி, மரியாதையான பெண். “மேடம், நதி மாசுன்னு ஒரு ஆங்கிள் குடுத்தா போட்டுரலாம். இல்லன்னா சுற்றுலா. வேற ஊர்க்காரங்களுக்கும் கனெக்ட் ஆகும்” என்றாள். அவள் சொல்வது சரி. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

இரண்டு தடவை மாற்றி எழுத உட்கார்ந்தேன். மாசுக்குத் தனியாக ஒரு கட்டுரையே எழுதிக் கொடுத்துவிட்டேன்; அது போன மாதம் வந்தது. படித்துறையை மட்டும் தொட மனசு வரவில்லை. அந்தக் கல்லில் தர்மபுரிக்காரரை எங்கே உட்காரவைப்பது என்று எனக்குத் தெரிகிறது, மூன்றாம் படியில் இடம் இருக்கிறது. ஆனால், அது என் மாமியார் உட்காரும் இடம்.